கருப்பட்டிக் காபி சுகரை ஏற்றாதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. ஆறு வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். சீனியை விட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது. ஆனால் சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.1-லிருந்து 8.9 ஆகிவிட்டது. கருப்பட்டி சுகரை ஏற்றாது என்றுதானே சொன்னார்கள்? - உசிலம்பட்டி வாசகி

பதில்: யார் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விற்றவர்தான் சொல்லியிருப்பார்.

சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் கருப்பட்டியிலும் பெரும்பகுதி. கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மறுக்கவில்லை. காபியில் போடுகிற அளவுக்கு அது கணக்கிலேயே வராது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் இந்த வகையறாதான்.

நல்ல பொருள் என்று நம்பியதும் கை தாராளமாகிவிடுகிறது. திருமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா, "சின்னச் சில்லுதான் சார் போடுறேன்" என்றார். மறுமுறை வரும்போது அந்தச் சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்தேன். 12 கிராம். இரண்டு ஸ்பூன் சீனிக்குக் குறையாது. நாளைக்கு நாலு தம்ளர் வேறு. முன்பு அவர் போட்டது ஒரு ஸ்பூன் சீனி. உங்கள் வீட்டுச் சில்லையும் ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். காபியை இனிப்பில்லாமல் குடிக்கப் பழக்குங்கள். இரண்டு வாரம் முகம் சுளிப்பார், அப்புறம் சரியாகிவிடும்.

இன்னொன்று. கல்யாண மண்டபத்தில் 'இலவச சுகர் முகாம்' போட்டு, விரலில் குத்திப் பார்த்த கையோடு நாவல் கொட்டைப் பொடி டப்பாவை நீட்டுகிறார்களே, அங்கே போகாதீர்கள். இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் அலோபதி சுகர் மாத்திரையையே அரைத்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் மைதாதான். அரசு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது, அதில் சாப்பாட்டைப் பற்றி யார் பேசுவது? மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் 2021-இல் வந்தது, நல்ல காரியம். தட்டில் எவ்வளவு சோறு என்று சொல்லித்தரவும் ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். அந்த இடம் காலியாக இருப்பதால்தான் பொடிக்காரன் உட்கார்ந்துகொள்கிறான்.

இனிப்பு கொடுத்தே ஆகவேண்டிய நேரம் ஒன்று உண்டு: சுகர் இறங்கும்போது. வியர்த்து, கை நடுங்கி, விரலில் குத்திப் பார்க்கும் அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். குளுக்கோஸ் இல்லையென்றால் சீனித்தண்ணீர் போதும். ஆனால் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சீனியோ கருப்பட்டியோ உடனே கைகொடுக்காது. குடலில் அவை உடைவதைத்தான் அந்த மாத்திரை தாமதப்படுத்துகிறது. அவருக்கு நேரடியாகக் குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவின் மாத்திரை அட்டையை இன்றே எடுத்துப் பெயரைப் படியுங்கள். அந்த இரண்டில் ஒன்று இருந்தால், குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று வாங்கி அவர் வெளியே எடுத்துப்போகும் பையில் போட்டுவிடுங்கள்.