வேற்றுகிரகவாசி ஏலத்துக்கு வந்தா?

கேள்வி: அண்ணே, ஃபிலிம்மேக்கிங் கிளாஸ்ல நாங்க பத்து பேர், வேற்றுகிரகவாசி மீன் ஏலத்துக்கு வர்ற மாதிரி ஒரு காமெடி குறும்படம் எடுக்குறோம். கிராஃபிக்ஸுக்கு காசு இல்ல, அவரை எப்படி மாயமா மறைய வைக்கிறது? தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்ல எடுக்கலாமா? - ஒரு மாணவி, மண்டபம்

பதில்: தங்கச்சி, கிராஃபிக்ஸே வேணாம்மா. போனை ட்ரைபாட்ல அசையாம வச்சு ஓடவிடுங்க, எல்லாரும் சிலை மாதிரி நிக்க அவர் மட்டும் ஃப்ரேமை விட்டு வெளிய வரட்டும், எடிட்ல அவர் நடந்து வர்றதை வெட்டிட்டு ஒட்டினா ஆள் பொசுக்குனு காணாம போயிடுவாரு. போன்ல ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) ரெண்டையும் மாறாம லாக் பண்ணிடுங்க. பின்னாடி கடல் தெரிஞ்சா அலை ஒரு குதி குதிச்சு காட்டிக்கொடுத்துடும், அதனால கரையில ஏத்தி வச்ச வள்ளத்தோட பக்கவாட்டை பின்னணியா வைங்க.

சர்ச் வேணாம். 1964 டிசம்பர் புயல்ல ஊரே அழிஞ்ச இடம்மா அது, அங்க சிரிப்புப் படம் எடுக்க எனக்கு மனசு வரல.

சிரிப்பு வரணும்னா ஏலம் கூறுறவர் வேற்றுகிரகவாசியைப் பார்த்து அசரவே கூடாது. "தள்ளி நில்லுய்யா, நண்டு கடிச்சிரும்"னு சொல்லிட்டு அடுத்த கூடைக்கு போயிடணும். அப்புறம் நம்ம ஊரு காத்து மைக்கை சும்மா விடாது, வசனத்தை ரூம்ல தனியா டப் பண்ணிக்கோங்க.