ரெக்கார்டு கழுவ எந்தத் தண்ணீர்?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த எல்.பி. ரெக்கார்டுகள் நாற்பது சொச்சம் பரணில் கிடந்தன. பூசணம் பிடித்திருந்ததால் போர் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்தேன். இப்போது முன்பு இல்லாத பொரிச் சத்தம் கேட்கிறது. கேன் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டுமோ? நண்பர் பேட்டரி தண்ணீர் என்கிறார். கனமான ‘78’ தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) இரண்டையும் இன்னும் தொடவில்லை.
– வாசகர், மேடவாக்கம்

பதில்: அந்த இரண்டையும் தொடாமல் விட்டீர்களே, புண்ணியம். கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினொரு தட்டு. குடிக்க நல்ல தண்ணீரா என்பது இங்கே பேச்சே இல்லை. காய்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் எங்கள் போர் தண்ணீருக்கு 1,400 காட்டும், அதாவது லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். அதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, தட்டிலேயே தங்கிக் காய்ந்தால் ஏறக்குறைய 7 மில்லிகிராம் உப்பும் சுண்ணாம்பும் ஊசி ஓடும் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம். எல்.பி.யின் பள்ளமோ தலைமுடியைவிடக் குறுகல். அதில் ஊசி ஓடினால் பொரியாமல் என்ன செய்யும்?

எங்களுக்கு வரும் கேன் தண்ணீர் 70 காட்டியது. முதல் கழுவலுக்கு அது போதும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அதுதான். நண்பர் சொன்னது சரி. ஆனால் லேபிளைப் படித்து வாங்குங்கள். பேட்டரி ஆசிட்டும் பக்கத்து அலமாரியிலேயே இருக்கும், பார்க்க அதுவும் தண்ணீர் மாதிரிதான். ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பிடித்துக் கழுவலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். உப்பு இருக்காதுதான், ஆனால் அது காயிலில் உள்ள தூசியையும் பூசணத்தையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். பூசணத்தைப் போக்கப் பூசணத் தண்ணீரா?

சந்தேகமான தண்ணீரை முகம் பார்க்கும் கண்ணாடியில் நாலு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் விழுந்தால் அது ரெக்கார்டுக்கு ஆகாது.

எல்.பி. தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக். வெறும் தண்ணீர் அதன் மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடும், பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் முதல் கழுவலில் லிட்டருக்கு இரண்டே சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விடுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் வட்டத்திலேயே துடையுங்கள். நடுவில் ஒட்டிய காகித லேபிள் நனையக் கூடாது. சோப்பு போக அலசி, டிஸ்டில்டு வாட்டரில் முடித்து, தட்டு ஸ்டாண்டில் நிற்கவைத்துக் காயவிடுங்கள்.

ஏற்கெனவே படிந்ததில் உப்பு கரைந்துவிடும். சுண்ணாம்பு பிடிவாதக்காரன், இரண்டு மூன்று தடவையாவது கழுவ வேண்டும். என் பதினொன்றில் எட்டு தேறின. மூன்று இன்னும் லேசாகப் பொரிகின்றன.

அந்த 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கு. சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். ஊறவும் போடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றித் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்.