பாப் ஸ்மியரில் 'ஆஸ்கஸ்' என்று வந்திருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம்ங்க. அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு 38 வயது, "எதுக்கு வம்பு, எடுத்துடலாம்" என்று வீட்டில் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் முன்பு சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். முதலில் காட்டிய இடத்தில் பத்து நிமிடத்துக்குள் ஆபரேஷனுக்குத் தேதியே பேசிவிட்டார்கள். ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு ரிப்போர்ட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

வேறொரு டாக்டரம்மாதான் புரியவைத்தார். பாப் ஸ்மியர் டெஸ்டுக்காகக் கருப்பை வாயில் எடுத்த செல்கள் கொஞ்சம் மாறித் தெரிகின்றன, ஏன் என்று அந்த ஸ்லைடை வைத்து மட்டும் சொல்ல முடியவில்லை. ஆஸ்கஸ் என்றால் அவ்வளவுதான். புண், கிருமித்தொற்று, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, எதனாலும் அப்படித் தெரியலாம்.

அடுத்து எச்பிவி டெஸ்ட். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடிய வைரஸ்தான் எச்பிவி. அதில் வைரஸ் இல்லை என்றால் பெரும்பாலும் 3 வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். டெஸ்டுக்கு வசதி இல்லையென்றால் ஒரு வருடத்தில் இன்னொரு ஸ்மியர். எனக்கு வைரஸ் இருந்தது, அதனால் கால்போஸ்கோபி. வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, பெரிதாகக் காட்டும் கருவியில் பார்த்தார்கள். இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் ஒரு ஓரம் மட்டும் வெள்ளையாக மாறியதைத் திரையில் நானே பார்த்தேன். அங்கிருந்து அரிசி அளவு சதை எடுத்தார்கள். சுருக்கென்றது, அன்று பூராவும் மாதவிடாய் வலி மாதிரி லேசாக இழுத்தது. ரிசல்ட் சிஐஎன் 1, அதாவது புற்றல்ல, செல்களில் லேசான மாற்றம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று வைத்தியம் எதுவும் செய்யவில்லை. ஒரு வருடம் கழித்து எடுத்த டெஸ்டில் வைரஸே இல்லை.

வைரஸ் என்றதும் "யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்று வீட்டில் ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. உடலுறவால் பரவுவது உண்மைதான். ஆனால் குடும்பம் நடத்தும் ஆண் பெண் பெரும்பாலோருக்கு என்றைக்காவது ஒருநாள் வந்து, ஒன்றிரண்டு வருடத்தில் தானே போய்விடும் வைரஸ் இது. சிலருக்கு வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் தங்கும். இதை வைத்து யார் நடத்தையையும் அளக்க முடியாது. உங்கள் வீட்டுக்காரரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என் வீட்டுக்காரர் டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் அடங்கினார்.

போகாமலும் இருந்துவிடாதீர்கள். ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் என் நாத்தனாருக்கும் இதே ரிப்போர்ட். மலை இறங்கினால் ஒரு நாள் கூலி போகுமே என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். பார்க்கும்போது சிஐஎன் 3, அதாவது புற்றுக்கு முந்தைய தீவிரமான மாற்றம். நல்லவேளை புற்றாகவில்லை, மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். அவருக்கே கர்ப்பப்பையை எடுக்கவில்லை.

தீட்டு நாளில் தேதி வாங்காதீர்கள். டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.