தாத்தாவின் மருந்து டப்பாக்கள்: கழுவலாமா, விற்கலாமா?

கேள்வி: கம்பவுண்டராக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். தைல டப்பா, பொடி டப்பா, மருந்துப் புட்டி என்று நிறைய இருக்கின்றன. பழம்பொருள் வாங்குகிற ஒருவர், "உள்ளே இருக்கிறதைக் கொட்டிக் கழுவி வையுங்க, மொத்தமா எடுத்துக்கிறேன்" என்கிறார். செய்யலாமா?

பதில்: கழுவாதீர்கள். தகரத்தின் மேலுள்ள அச்சு ஊறினால் உரிந்துவிடும். புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால் மெல்லிய வெள்ளீயப் பூச்சு போய், அடியிலிருக்கும் இரும்பு துருவேறும். அப்புறம் அதே ஆள் வந்து, "அச்சு போயிடுச்சே" என்று பாதி விலை கேட்பார். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பிசுக்கு இருந்தால், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, முதலில் அடிப்பக்க மூலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்துங்கள்.

கொட்டுவது அதைவிட மோசம். கம்பவுண்டர் பெட்டியில் ஊதாப் படிகமாகப் பர்மாங்கனேட்டும், பக்கத்திலேயே கிளிசரினும் இருக்கும். இரண்டும் ஒரே குப்பைப் பையில் கலந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். புண்ணுக்குப் போட்ட சிவப்பு மருந்து, மெர்குரோகுரோம், பாதரசச் சேர்மம். ரசகர்ப்பூரம், வீரம் என்று எழுதிய பொட்டலங்களும் பாதரச உப்புகள்தான். வீரம் மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்லும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம்.

மஞ்சளாக ஏதாவது இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் அது கந்தகமாகவோ, நாற்றமடிக்கிற அயோடோபார்மாகவோ, அக்ரிஃபிளேவினாகவோ இருக்கும், பயமில்லை. ஆனால் லேபிளில் 'பிக்ரிக்' என்று இருந்தால் கதையே வேறு. ஒரு காலத்தில் தீக்காயத்துக்குப் போட்ட மருந்து அது. பீரங்கிக் குண்டுக்குள் அடைத்ததும் அதையேதான். ஈரமாக இருக்கும்வரை சாது. தண்ணீர் வற்றிக் காய்ந்துவிட்டால் உரசலுக்கே வெடிக்கும். மூடியின் மரையில் படிகம் ஏறியிருக்கும், திருகுவதே உரசல்தான். உலோக மூடியோடு சேர்ந்து உண்டாகும் உப்புகள் இன்னும் முரட்டுத்தனமானவை. திறக்காதீர்கள், ஆட்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். தள்ளி நின்று லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு, அறையைச் சாத்திவிட்டு 112-க்குக் கூப்பிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். லேபிளே இல்லாமல், வாயோரம் மஞ்சள் படிகம் கட்டிய புட்டிக்கும் இதே மரியாதைதான்.

இனி விலை. தரகர்கள் டப்பாவில் அச்சிட்டிருக்கும், நிறுவனம் தொடங்கிய ஆண்டைக் காட்டி வயது சொல்வார்கள். அமிர்தாஞ்சன் 1893-ல் பம்பாயில் தொடங்கியது, 1914-ல் மெட்ராஸுக்கு வந்தது. அதனால் உங்கள் டப்பாவுக்கு அந்த வயது வந்துவிடாது. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, யார் என்ன சத்தியம் செய்தாலும். மொத்தமாகத் தள்ளாதீர்கள், நல்ல நாலு டப்பாவுக்காகத்தான் அவர் மொத்தம் கேட்கிறார். "உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கு, கோடிக்குப் போகும், சோதனைக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். அப்படி ஒரு சரக்கே கிடையாது.

மருந்துகளை எங்கே கொடுப்பது? வீட்டு அபாயக் கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் என்று 2016-லேயே விதி போட்டாயிற்று. உங்கள் ஊரில் அது எங்கே என்று மாநகராட்சியில் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை, தொடக்கூடாத அந்தப் பிக்ரிக், மஞ்சள் படிகப் புட்டிகள் தவிர மற்றவற்றை மூடியபடியே, பர்மாங்கனேட்டைக் கிளிசரினிலிருந்து விலக்கித் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.