மகன் சாரணர் இயக்கத்தில் சேர ஒற்றைக்காலில் நிற்கிறான், விடலாமா?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறோம். மகன் ஆறாம் ஆண்டு. பாடசாலைச் சாரணர் குழுவில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சனிக்கிழமைப் பயிற்சி டியூசன் நேரத்தோடு மோதுகிறது. பாசறை என்று இரவில் வெளியே தங்க வைப்பார்களாம், அதுதான் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

விடுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம் என் சொந்தக் கதை.

"இவன் ஜனாதிபதிச் சாரணர் விருது (சாரணருக்கான அதிஉயர் விருது) எடுத்திருப்பான், அதுதான் இந்தப் பேச்சு" என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். நான் அதை எடுக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போதே அம்மா என் கழுத்துப்பட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த ஒரு வருடத்தில் கணிதத்தில் நான் என்ன கிழித்தேன் என்று கேட்காதீர்கள். இப்போது உப்புவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். சாரணன் என்பதால் உயர்ந்தவனும் இல்லை, கெட்டுப்போனவனும் இல்லை.

நான் சேர்ந்த காலத்தில் இந்த ஊரில் சாரணர் என்றால் மாலை ஐந்தரை வரைக்கும்தான். முடிச்சுப் போடுவோம், விசில் அடிப்போம், முதலுதவிக்கு ஒருவன் காலை இன்னொருவன் கட்டுவான். பிறகு சோதனைச் சாவடி தாண்டி இருட்டுவதற்குள் வீட்டுக்கு ஓட வேண்டும். காட்டுப்பக்கம் போவது பற்றிப் பேச்சே இல்லை, மிதிவெடிப் பயம். புத்தகத்தில் பாசறைத் தீயின் படம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் போனது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அந்த ஓகஸ்ட் விடுமுறையில்தான் எங்கள் சேருக்கு (சாரண ஆசிரியருக்கு) முதன்முதலாக இரண்டு இரவுக்கு அனுமதி கிடைத்தது. காடு இல்லை. டச்பே கடற்கரைப் பக்கத்தில் ஒரு வெறும் நிலம். வீட்டிலிருந்து சைக்கிளில் பதினைந்து நிமிடம். ஆனாலும் அம்மா என்னை மத்திய கிழக்குக்கு அனுப்புவது போலப் பை கட்டிக் கொடுத்தார்.

ஓகஸ்ட் என்றால் கச்சான். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தென்மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வரும் வரண்ட காற்று, மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும். பெரிய அண்ணாமாருக்கு நல்ல கூடாரம் இருந்தது. எங்கள் அணி ஆறு பேருக்கும் ஒரு நீலப் படங்கும் கயிறும்தான். முளையைச் சரித்து அடித்தால் பிடிக்கும் என்று சேர் பாடசாலை மைதானத்தில் சொல்லித் தந்திருந்தார். அது இறுகிய மண். கடற்கரை மணலில் எவ்வளவு சரித்து அடித்தாலும் காற்று ஒரு இழுவை இழுத்தால் முளை பல் பிடுங்கியது போலக் கையோடு வந்துவிடும். மூன்று தடவை படங்கு பறந்தது. மூன்றாவது தடவை ஒரு அண்ணாவின் சோற்றுப் பானை மேலே போய் விழுந்தது.

எங்கள் அணியில் திருக்கடலூர்ப் பையன் ஒருவன் இருந்தான், மீன்பிடிக் குடும்பம். அதுவரை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தவன், "முளையை விடுங்கோடா" என்று சொல்லிவிட்டு எங்கிருந்தோ நாலு உரப்பை கொண்டு வந்தான். பைக்குள் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, பையைக் குறுக்கே படுக்கவைத்து மூடி மிதித்தான். அதன் பிறகு அந்தப் படங்கு இரண்டு நாளும் அசையவில்லை. பை அகலமாகக் குறுக்கே கிடப்பதால் மேலே இருக்கும் மணல் பாரம் முழுக்க அதை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. முளைக்கு அந்தப் பிடி கிடையாது. சேர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடத்துப் பையன்களுக்கு அதைத் தன் பாடமாகவே சொல்லிக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்ல வெட்கப்படும் பகுதி.

இரவுக் காவல் இரண்டு மணித்தியால முறை. எனக்கு இரண்டு மணி முதல் நாலு மணி வரை. கூட நிற்க வேண்டியவனுக்கு வயிற்றுவலி, போய்ப் படுத்துவிட்டான். நான் தனியே லாந்தருக்குப் பக்கத்தில் இருந்தேன். கடல் சத்தம், குளிர்ந்த மணல். கொஞ்சம் சாய்ந்தால் என்ன என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

கோட்டைப் பக்கத்து மான்கள் பற்றி உங்களுக்குத் தெரியும். மனிதப் பயம் இல்லாதவை, கோவிலுக்கு வருகிறவர்களின் கையிலேயே வாழைப்பழம் பறிப்பவை. நாலு மணிக்குச் சேர் என்னைத் தட்டி எழுப்பியபோது எங்கள் அணியின் சாப்பாட்டுப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு முழுக் கோவா (முட்டைக்கோஸ்), பாணில் பாதி, போதாததற்கு என் குறிப்புப் புத்தகத்தின் அட்டை. கொஞ்சம் தள்ளி ஒரு மான் நின்று என்னைப் பார்த்து மென்றுகொண்டு இருந்தது.

அடி விழும் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அடி பெரிய விசயம் இல்லை. சேர் அடிக்கவில்லை. "விடிஞ்சதும் உன்ர அணியை எழுப்பி, காலைச் சாப்பாடு ஏன் இல்லை எண்டு நீயே சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடித்திருக்கலாம். விடியும் வரை அந்த இரண்டு மணித்தியாலம் கண் மூடவில்லை. பதின்மூன்று வயதில் ஐந்து பேர் முன்னால் நின்று "நான் நித்திரை கொண்டிட்டன், மான் திண்டிட்டுது" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருவன் சிரித்தான். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், அதுவும் நியாயம்தான்.

திருக்கடலூர்க்காரன் மட்டும் "வாங்கோடா, கரைவலை இழுக்கப் போவம்" என்றான். அவனுடைய பெரியப்பாவின் வலை. ஆறு பேரும் கயிற்றில் தொங்கினோம். உள்ளங்கை உரிந்து எரிந்தது. வலை கரையேறியதும் இழுத்த பங்குக்கு ஒரு வாளி சூடை மீன் தந்தார்கள். மான் விட்டுவைத்த பாணும் சுட்ட சூடையும். அதன் பிறகு எத்தனையோ ஹோட்டல் சாப்பாடு பார்த்துவிட்டேன், வேலையே அதுதான். அந்தக் காலைச் சாப்பாட்டுக்குக் கிட்டவும் வராது.

இதனால் நான் பொறுப்பானவன் ஆகிவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் விடுதியில் இரவுமுறை என்றால் இரண்டு மணிக்குத் தானாக எழும்பி ஒரு சுற்றுப் போய்வருவேன். பெரும்பாலும் சமையலறைக் கதவைத்தான் பார்ப்பேன்.

அந்தப் பாசறைக்கு இரண்டு வருடம் கழித்து, 2004 டிசம்பரில், சுனாமி. எங்கள் பாடசாலை வகுப்பறைகளிலும் முற்றத்திலும் சனம். கூப்பிடாமலே போய் நின்றோம். பெரிய சாதனை எதுவும் இல்லை, தண்ணீர் வரிசை ஒழுங்குபடுத்துவது, படங்கு கட்டுவது. மழைக்காலம், நிலம் சேறு, முளை நிற்கவில்லை. உரப்பைதான் கைகொடுத்தது.

டியூசன் விசயம். சனிக்கிழமை ஒரு வகுப்புப் போனால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அந்த டியூசன் ஆசிரியரே சொல்லியிருப்பார். படிப்புத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்க வேண்டாம். ஆறாம் ஆண்டுதானே, பரீட்சைக்கு இன்னும் ஐந்து வருடம் கிடக்கிறது.

"வெள்ளைக்காரன் இயக்கம், இராணுவப் பயிற்சி" என்று எழுதப்போகிற தம்பிமாருக்கும் ஒரு வரி. பேடன் பவல் இராணுவ அதிகாரிதான், மறுக்கவில்லை. ஆனால் 1907 இல் பிரவுன்சி தீவில் அவர் நடத்திய முதல் பாசறையில் பணக்காரப் பாடசாலைப் பையன்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் கலந்துதான் கூடாரத்தில் படுக்க வைத்தார். இலங்கைக்கு 1912 இலேயே வந்துவிட்டது, மாத்தளையில் ஒரு பாடசாலையில் தொடக்கம். எனக்குத் தெரிந்த சாரணம் மாவட்டப் பாசறையில் கண்டது. கிண்ணியாப் பையன்கள் பாதையில், அதாவது தண்ணீரைக் கடக்கும் மிதவையில், ஏறி வந்து சேருவார்கள் (பாலம் 2009 இல்தானே திறந்தார்கள்). கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பையன்களும் வருவார்கள். பாதிப் பேருக்கு மற்றவன் பாசை தெரியாது. முடிச்சுக்குப் பாசை தேவைப்படவில்லை. சண்டையும் பிடித்தோம், அதற்கும் தேவைப்படவில்லை.

எனக்குப் பிடிக்காத ஒன்று, விழாக்களில் சாரணரை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பது. எல்லாம் பிரதம அதிதிக்காக. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: போன முறை மகளின் விளையாட்டுப் போட்டியில் அதிதி வர ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. வந்தவர் பேசியது நாற்பது நிமிடம், தலைப்பு நேர முகாமைத்துவம். மகள் ஓடவேண்டிய ஓட்டத்தை இருட்டிவிட்டது என்று அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டார்கள். சரி, விடுங்கள்.

இரவுப் பாசறைப் பயம் நியாயமானது. சேரிடம் நேரே போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். எத்தனை பெரியவர்கள் இரவு தங்குகிறார்கள்? ஒரே ஒருவர் என்றால் அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கடலில் இறங்க விடுவார்களா, விட்டால் யார் கரையில் நிற்பது? பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்குகிறார்களா? கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் இருக்கிறதா? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற சேர் என்றால் நம்பி விடலாம். சீருடையை முதல் மாதமே தைக்க வேண்டாம். சின்னஞ்சூட்டி முறைப்படி சாரணனாகச் சேர்க்கும் நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் பையன் வளர்ந்தும் விடுவான்.

2024 இல் தேசிய ஜம்போறி (நாடு முழுதும் இருந்து சாரணர் கூடும் பெரிய பாசறை) எங்கள் ஊரிலேயே நடந்தபோது வேடிக்கை பார்க்கப் போனேன். எல்லாம் தானாக விரிகிற நைலோன் கூடாரம். ஒருவனும் குழி தோண்டவில்லை. கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் ஏமாற்றம்.

உங்கள் மகன் முதல் பாசறைக்குப் போகும்போது பைக்குள் அடியில் நாலு உரப்பை மடித்து வைத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே வைக்க ஒரு பெரிய கல்லும் தேடச் சொல்லுங்கள்.