பொதுச் சுகாதாரம் ஒரு துணைப்பாடமாக – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. முதன்மைப்பாடம் கணினி அறிவியல். எங்கள் பல்கலைக்கழகத்தில் மேஜரோடு ஒரு மைனரும் எடுத்துக்கொள்ளலாம். ‘உலகப் பொதுச் சுகாதாரம்’ என்று ஆறு பாடங்கள் கொண்ட ஒரு மைனர் இருக்கிறது. அதன் அறிமுக வகுப்பில் சும்மா போய் உட்கார்ந்தேன், பிடித்துவிட்டது. அப்பாவுக்கு விருப்பமில்லை. “டாக்டருக்குப் படிக்காதவளுக்கு இது எதற்கு? அந்த ஆறு பாடத்தையும் புள்ளியியலில் எடுத்தால் வேலைக்காவது உதவும்” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆறே பாடங்களில் உருப்படியாக எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா? இன்னொன்று, கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஒரு ஏழை நாட்டு மருத்துவமனையில் தன்னார்வப் பணி செய்யும் ஏற்பாடும் இந்த மைனரில் உண்டாம். போகலாமா? சுகாதாரத் திட்டங்களில் வேலை செய்தவர் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

யாழினி

*

அன்புள்ள யாழினி,

எடுங்கள். இதுதான் என் பதில். ஆனால் அப்பா கேட்டது நல்ல கேள்வி. அவருக்குச் சொல்லக் காரணம் வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டாக்டருக்குப் படிக்காதவர்களுக்கு இது எதற்கு என்கிறார். இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் டாக்டர் அல்லாதவர்கள் நிறையப்பேர். லண்டனில் வாராவாரம் அச்சிட்ட இறப்புப் பட்டியல்களைச் சேர்த்துவைத்து, எந்த நோயில் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கணக்குப் போட்டு 1662-இல் வெளியிட்ட ஜான் கிராண்ட் ஒரு துணி வியாபாரி. உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் சாக்கடையும் குடிநீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று 1842-இல் அறிக்கை எழுதி, 1848-இல் பிரிட்டனில் பொதுச் சுகாதாரச் சட்டம் வருவதற்கு வழி செய்த எட்வின் சாட்விக் சட்டம் படித்தவர்.

ஆனால் நான் அப்பாவிடம் சொல்ல விரும்பும் கதை ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாருடையது. 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியதும், அங்கிருந்த அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ சொன்னதும், செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் உங்கள் அறிமுக வகுப்பில் அநேகமாக வந்திருக்கும். கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்றும் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது என்று எழுதியவர் ஸ்னோவேதான். நோய்க்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியவர்கள் அத்தனை பேர், அதனால்தான். தன் கட்சிக்குப் பாதகமான ஒன்றைத் தானே எடுத்து எழுதினார் பாருங்கள், அதற்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வைட்ஹெட் அந்த வட்டாரத்தின் உதவிப் பாதிரியார். தண்ணீர்தான் காரணம் என்பதை அவர் முதலில் நம்பவில்லை. தவறென்று காட்டுவதற்காகவே வீடு வீடாகப் போனார். அங்கே எல்லோரையும் அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். அதனால் ஸ்னோவுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஸ்னோவின் விசாரணை பெரும்பாலும் இறந்தவர்களைப் பற்றியது. வைட்ஹெட் நோய் வராதவர்களையும் தேடிப்போய், “நீங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தீர்களா?” என்று கேட்டார். குடித்தவர்கள் 137 பேர், அவர்களில் 80 பேருக்குக் காலரா. குடிக்காதவர்கள் 297 பேர், அவர்களில் 20 பேருக்குத்தான். தவறென்று காட்டப் போனவர் மனம் மாறித் திரும்பினார். அப்புறம் தேடலை நிறுத்தவும் இல்லை. நோய் பரவுவதற்குச் சற்று முன் வயிற்றுப்போக்கில் விழுந்து, பிறகு இறந்துபோன ஒரு கைக்குழந்தையைப் பற்றிக் கண்டுபிடித்தார். குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்னாலிருந்த கழிவுக்குழியில் ஊற்றியிருக்கிறாள். குழிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே சில அடிதான். குழியின் செங்கல் கட்டு இற்றுப்போயிருந்தது.

80 என்ற எண்ணுக்குக் கீழே 137-ஐ எழுதினாரே, துறையின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் தொகுதி, பகுதி என்று படித்தோம். செய்திகளில் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் மேலே உள்ள தொகுதி: இத்தனை பேர் இறந்தார்கள், இத்தனை பேருக்குத் தொற்று. கீழே இருக்கும் பகுதி என்ன, அதில் யார் யார் சேர்த்தி, யார் விடுபட்டார்கள் என்று கேட்கும் பழக்கத்தை நோய்ப்பரவலியல் பாடம் உண்டாக்கும். ஒரு பருவம் அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தால் போதும், வாழ்நாள் முழுக்கக் கூட வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை. நோய் உள்ளவர்களில் 99 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 99 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். ஒருவருக்கு ‘உண்டு’ என்று முடிவு வருகிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பெரும்பாலானோர் 99 என்பார்கள். 1,00,000 பேரைச் சோதித்தால் நோயுள்ளவர்கள் 100 பேர், அவர்களில் 99 பேருக்கு ‘உண்டு’ என்று வரும். நோயில்லாத 99,900 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் 999 பேருக்கும் ‘உண்டு’ என்றே வரும். ஆக மொத்தம் 1,098 பேர், உண்மையில் நோயுள்ளவர்கள் 99 பேர். நூற்றுக்கு ஒன்பதுதான்! இத்தனைக்கும் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை.

இது புள்ளியியல் வகுப்பிலும் வரும் என்று அப்பா சொல்லலாம். வரும்தான். மீதி 999 பேரை என்ன செய்வது என்பது அந்த வகுப்பில் வராது. அவர்கள் அன்றிரவு எப்படித் தூங்குவார்கள், இரண்டாம் பரிசோதனை எவ்வளவு வலியுள்ளது, யார் செலவில், அப்படியானால் ஊரில் எல்லோரையும் சோதிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் பொதுச் சுகாதார வகுப்பில்தான் பேசப்படும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தடுப்பூசித் திட்டத்தில் அறிக்கை எழுதும் வேலையில் இருந்தேன். ஒரு குடியிருப்பில் மட்டும் ‘மறுப்பு’ என்ற எண்ணிக்கை மிக அதிகமாக வந்தது. அந்த மக்களுக்கு விழிப்புணர்வு போதாது, கூட்டம் போட வேண்டும், துண்டறிக்கை கொடுக்க வேண்டும் என்று நானே வரைவு எழுதி வைத்திருந்தேன். அங்கே வீடு வீடாகப் போய்வந்த மூத்த செவிலியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். அதில் மூன்றே கட்டங்கள்: போட்டது, மறுப்பு, குடிபெயர்ந்தது. “வீடு பூட்டியிருந்தால் எதில் குறிப்பது?” என்று கேட்டார். அவர்கள் போனது காலை பத்து மணிக்கு மேல். அந்தக் குடியிருப்பில் அப்பா அம்மா இருவருமே விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பூட்டிய கதவுகள் எல்லாம் ‘மறுப்பு’ கட்டத்தில் போய் விழுந்திருக்கின்றன. நேரத்தை மாலைக்கு மாற்றினார்கள், எண்ணிக்கை இறங்கிவிட்டது. மறுக்காத மக்களை மறுப்பவர்கள் என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரைவை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

கணினி அறிவியல் படிக்கும் உங்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாளை அந்த மூன்று கட்டங்களையும் ஒரு செயலியில் வரையப்போவது நீங்களாக இருக்கலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்க ஒரு அல்காரிதம் புழக்கத்தில் இருந்தது. அதை ஆராய்ந்தவர்களின் கட்டுரை 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவை அவருடைய நோயின் அளவாக அந்த அல்காரிதம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே அளவு நோய் இருந்தாலும் கறுப்பின நோயாளிகளுக்காகச் செலவிடப்படுவது குறைவு. ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது கணித்தது. நிரலில் பிழை இல்லை. செலவும் நோயும் ஒன்றல்ல என்பதை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் யோசிப்பவராக நீங்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஆறு பாடங்களில் என்னென்ன எடுப்பது? நோய்ப்பரவலியலை விடவே கூடாது. உயிரிப் புள்ளியியல் கட்டாயம் என்றால், உங்கள் மேஜரில் படித்த புள்ளியியலை ஈடாக ஏற்பார்களா என்று துறையில் கேளுங்கள். ஏற்றால் ஒரு இடம் மிச்சமாகும். மிச்சமான இடத்தில் மானுடவியல் எடுங்கள். 2014-இலிருந்து 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா 11,000 பேருக்கு மேல் பலிவாங்கியது. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டும் சடங்கின் வழியாகத் தொற்று பரவியது. கவச உடை போட்டவர்கள் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போனபோது குடும்பங்கள் பிணங்களை மறைக்கத் தொடங்கின. மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் பேசிய பிறகு 2014 கடைசியில் அடக்க முறையே மாறியது: குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை உண்டு, விரும்பிய துணியில் சுற்றலாம். வைரஸைப் பற்றிய அறிவு அதற்கு முன்பும் இருந்தது, துக்கத்தைப் பற்றிய அறிவுதான் பிறகு வந்து சேர்ந்தது.

கொள்கைப் பாடம் ஒன்றும் வேண்டும். எய்ட்ஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996-லேயே வந்துவிட்டன. 2000 வாக்கில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. இடைப்பட்ட வருடங்களில் செத்தவர்கள் மருந்து இல்லாததால் சாகவில்லை, அதன் விலை எட்டாததால் செத்தார்கள். காப்புரிமை, வணிக ஒப்பந்தம் போன்றவையும் சாவுக்குக் காரணமாகும் என்பதை இளம் வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கற்றுக்கொள்ள முடியாததையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பாடங்கள் உங்களை இந்தத் துறையின் வல்லுநர் ஆக்காது. மைனர் மட்டும் வேலை வாங்கியும் தராது. உங்களுக்கு வேலை தருவது கணினி அறிவியல்தான், அந்த வேலையை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது என்று இது காட்டும். பின்னால் ஆழமாகப் படிக்க நினைத்தால் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்குப் பல இடங்களில் எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக அந்த மூன்று வாரப் பயணம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ‘உலக’ என்ற அடைமொழி இந்தத் துறைக்குப் பிற்காலத்தில் வந்தது. தொடக்கத்தில் ‘வெப்பமண்டல மருத்துவம்’ என்று பெயர். 1898-இல் லிவர்பூலிலும் 1899-இல் லண்டனிலும் அதற்கான பள்ளிகள் தொடங்கியபோது முதல் கவலை காலனி நாட்டு மக்கள் அல்ல, அங்கே போன அதிகாரிகளும் வணிகர்களும்தான். அந்தப் பழைய வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. பணக்கார நாட்டு இளநிலை மாணவர்கள் ஏழை நாட்டு மருத்துவமனைக்குப் போய், தங்கள் நாட்டில் தொடக்கூட அனுமதிக்கப்படாத வேலைகளைச் செய்துபார்க்கும் வழக்கம் உண்டு: தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது. அது சேவை ஆகாது. அங்கே படுத்திருப்பவர் யாருடைய பயிற்சிக்கும் பொருளாக வந்தவரில்லை.

அதனால் அமைப்பாளர்களிடம் முதலிலேயே கேளுங்கள். அந்த மருத்துவமனை எங்களைக் கேட்டு அழைத்ததா? எங்களைக் கவனித்துக்கொள்ள அங்குள்ள செவிலியர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டிவருமா? நாங்கள் கிளம்பிய பிறகு எங்கள் வேலையை யார் தொடர்வார்கள்? தெளிவான பதில் இல்லையென்றால் போக வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஒரு சுகாதார அலுவலகத்தில் அந்த மூன்று வாரமும் பதிவேடுகளோடு உட்காருங்கள். எந்தெந்தக் கட்டங்கள் இருக்கின்றன, எது இல்லை என்று பாருங்கள். நிரப்புகிறவர்களிடம் பேசுங்கள், அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

அப்பாவுக்குப் புள்ளியியலில் ஈடுபாடு இருப்பதுபோலத் தெரிகிறது. மேலே போட்ட பரிசோதனைக் கணக்கை, விடையைச் சொல்லாமல், இன்று அவரிடம் கேளுங்கள். அவர் முதலில் என்ன எண் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.