தனி ஆளாக வியாபாரம் செய்துகொண்டே பாட்காஸ்ட் நடத்த முடியுமா?

கேள்வி: வீட்டில் பொடி, ஊறுகாய் செய்து விற்கிறேன். உதவிக்கு ஆள் கிடையாது. தமிழில் ஒரு பாட்காஸ்ட் தொடங்க ஆசை. நேரத்துக்கு என்ன செய்வது? கேட்பவர்கள் எப்படிக் கூடுவார்கள்?

முடியும். மும்பை தாராவியில், 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தையல் மெஷின் விற்பனையும் ரிப்பேரும் உதிரிபாகமும் சேர்ந்த கடை எங்களுடையது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்டது. அவர் போன பிறகு நான் ஒருத்திதான். கல்லாவிலும் நான்தான், ஸ்குரூ டிரைவரைப் பிடிப்பதும் நான்தான். மூன்று வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று, தையல்காரர்களுக்காகப் பத்து நிமிட நிகழ்ச்சி தமிழில் போட்டு வருகிறேன்.

ஏன் ஒலி, ஏன் வீடியோ இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தில் காலை ஒன்பதுக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் ராத்திரி பத்து வரை நிற்காது. காலர் வைக்கிறவர், காஜா போடுகிறவர், ஓவர்லாக் அடிக்கிறவர் எல்லோருக்கும் பீஸ் கணக்கில்தான் கூலி. கண் ஊசி மேல், கை துணி மேல், கால் பெடல் மேல். காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. ரிப்பேர் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் பார்க்க வேண்டுமானால் அவர் தலையை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்த நேரத்துக்குக் கூலி இல்லை. ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறவருக்காகத்தான் நான் பேசுகிறேன். உங்கள் வாடிக்கையாளரும் எப்போது கை ஓயாமல், காது சும்மா இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காய் நறுக்கும் நேரம், பாத்திரம் கழுவும் நேரம், லோக்கல் ரயிலில் நின்றபடி வரும் நேரம். அந்த நேரத்தின் நீளம்தான் உங்கள் எபிசோடின் நீளம்.

அடுத்து, எதைப் பேசுவது? நான் இடறி விழுந்தது இங்கேதான். ஆரம்பத்தில் தையல் மெஷினின் வரலாற்றைச் சொல்லலாம் என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கியது, ஐசக் சிங்கர் 1851இல் தன் மெஷினுக்கு வாங்கியது, பிறகு இருவரும் கோர்ட்டு வரை போனது எல்லாம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கு அடுத்த வாரம் நேரமே இல்லாமல், கடையில் தினமும் கேட்கப்படும் ஒரு கேள்வியை எடுத்து, "நூல் ஏன் அறுந்துகிட்டே இருக்கு?" என்று பேசிப் போட்டுவிட்டேன். கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷினில் ஊசியின் நீளப் பள்ளம் இடது பக்கம் பார்க்க வேண்டும், நூல் இடமிருந்து வலமாக நுழைய வேண்டும், ஊசி கொஞ்சம் திரும்பி நின்றாலும் தையல் விடும், நூல் அறும். அது சரியாக இருந்தால் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தைப் பார், பிறகு ஊசி இறங்கும் தட்டின் ஓட்டையில் பிசிறு இருக்கிறதா என்று பார். இவ்வளவுதான் அதில் இருந்தது. இன்று வரை என் நிகழ்ச்சியில் அதிகம் கேட்கப்பட்டது அதுதான்.

அன்றிலிருந்து கல்லாவுக்கு மேலே ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. கடைக்கு வருகிறவர் கேட்கும் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதுவேன். அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் அது ஒரு எபிசோட். தலைப்பு தேடும் வேலை அத்தோடு தீர்ந்தது. நோட்டில் இருக்கும் வாக்கியமே தலைப்பு. "நூல் இழுவிசைச் சமன்பாடு" என்று வைத்தால் யார் தேடி வருவார்கள்? "பாபின் நூல் மேலே தெரியுது" என்றுதான் தையல்காரர் போனில் தேடுவார் (பாபின் என்பது அடிநூல் சுற்றிய சின்ன உருளை). தலைப்பில் எபிசோட் எண்ணை முன்னால் போடாதீர்கள், சின்னத் திரையில் அதுவே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஒலியால் என்னவெல்லாம் முடியும் என்று எனக்குப் புரிந்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஊசி மழுங்கினது எப்படிக்கா தெரியும்?" என்ற கேள்விக்கு மூன்று கோடு விழுந்திருந்தது. வாயால் விளக்கிப் பார்த்தேன், எனக்கே நிறைவாக இல்லை. போனை மெஷின் பக்கத்தில் வைத்து, ஒரே துணியை, ஒரே நூலில், ஒரே ஜுக்கி மெஷினில் இரண்டு முறை ஓட்டினேன். முதலில் புது ஊசி, 'சர்ர்' என்று ஒரே சீரான சத்தம். அடுத்தது சில நாள் ஜீன்ஸ் துணியில் ஓடித் தேய்ந்த ஊசி. ஒவ்வொரு குத்துக்கும் 'பட் பட்' என்று துணி அடிவாங்குகிற சத்தம். கூர் போன ஊசி நழுவி இறங்காது, இடித்துக்கொண்டுதான் இறங்கும். இருபது நொடி இது, இருபது நொடி அது, நடுவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரியே உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். "யக்கா, என் மெஷினு ஒரு வாரமா அந்த ரெண்டாவது சத்தம்தான் போடுது. மெஷினுக்கு வயசாயிட்டுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்." பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு ஊசிக்காக அவன் மெஷினையே விற்கப் பார்த்திருக்கிறான். அந்தக் குரல் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்போது நேரக் கணக்கு. தொடக்கத்தில் ஒரு எபிசோடுக்கு ஆறு மணி நேரம் ஆனது. அதில் ஐந்து மணி நேரம் என் 'ம்ம்', 'வந்து' எல்லாவற்றையும் தேடித் தேடி வெட்டியதில் போனது. இப்போது மொத்தமே ஒரு மணி நேரம்தான். முழுசாக எழுதி வைத்துப் படிப்பதில்லை. படித்தால் செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. துண்டுத் தாளில் கேள்வி, மூன்று காரணம், இன்றே செய்ய வேண்டியது என்று ஐந்து வரி போதும். பேசும்போது தடுமாறினால் நிறுத்தி, ஒரு முறை கை தட்டி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் கை தட்டின இடம் கம்பி மாதிரி உயர்ந்து நிற்கும். அந்த இடங்களுக்கு மட்டும் போய் வெட்டினால் போதும், முழுசாகத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. 'ம்ம்' இருந்தால் இருக்கட்டும், கடையில் பேசும்போதும் அது இருக்கிறதுதானே.

கடைசியில் சத்தத்தின் அளவை -16 எல்யூஎஃப்எஸ்ஸில் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளக்கும் அலகு இது) வைத்துவிடுங்கள், ஆப்பிள் பரிந்துரைப்பது அதைத்தான். ஒற்றைக் குரலுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 தாராளம். பத்து நிமிடம் ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

மைக் வாங்கும்போது கடைக்காரர் கண்டன்சர் மைக்கைத்தான் எடுத்து நீட்டுவார். அது சந்தில் போகும் கைவண்டிச் சத்தத்தையும் விடாமல் அள்ளும். சத்தமான இடத்தில் இருப்பவர்களுக்கு டைனமிக் மைக்தான் சரி, வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேச வேண்டும். பக்கத்து யூனிட்காரர் தன் துணி பண்டல்களை எங்கள் மாடியில்தான் அடுக்குவார். அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்தால் எதிரொலி துளியும் இருக்காது. உங்கள் வீட்டில் புடவை அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்காருங்கள், அதே பலன் கிடைக்கும்.

எங்கள் சந்தில் விடிகாலை ஐந்துக்குத் தண்ணீர் வரும். மோட்டார்கள் அடங்க ஆறு ஆகிவிடும். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் உள்ள அமைதிதான் என் ஸ்டுடியோ. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மாதத்துக்கு ஒரு காலை, ஒரே அமர்வில் இரண்டு எபிசோட். மே மாதத்தில் மட்டும் எட்டு. ஜூனில் மழை இறங்கிவிட்டால் எங்கள் தகரக் கூரையின் கீழ் செப்டம்பர் வரை எதையும் பதிவு செய்ய முடியாது. வீட்டில் அரிசியும் பருப்பும் வாங்கி வைப்பது போல இதையும் மழைக்கு முன்பே சேர்த்துவிடுவேன். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் ராத்திரி பகல் ரிப்பேர் இருக்கும், நிகழ்ச்சி கிடையாது. அதை முன்கூட்டியே ஒலிபரப்பில் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு விட்ட இடைவெளிக்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லாமல் விட்ட ஒரு முறை, "கடையை மூடிட்டீங்களா தாயி?" என்று ஒரு அண்ணாச்சி போன் செய்துவிட்டார். அதற்குப் பிறகு சொல்லாமல் விடுவதே இல்லை.

விட்டுவிட்ட வேலைகளும் உண்டு. விருந்தினரை அழைத்துப் பேசுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இருவருக்கும் நேரம் பொருந்துவதற்குள் வாரம் போய்விடும். அதற்குப் பதிலாகக் கேட்பவர்கள் அனுப்பும் குரல் கேள்வியை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அப்படியே சேர்க்கிறேன். முகப்பு இசைக்கு சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். சில நொடி மட்டும் போட்டால் தப்பில்லை என்று சொல்வார்கள், அப்படி ஒரு விதிவிலக்கு சட்டத்தில் கிடையாது. என் நிகழ்ச்சி ஒரு மெஷின் ஓடி நிற்கும் சத்தத்தோடு தொடங்குகிறது. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பணம் போகாமல் மனம் நொந்த கதை ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் அது நேரக் கூடாது. எபிசோடுகளை ஏற்றி வைக்கும் ஒரு ஹோஸ்டிங் தளத்தில் இலவசக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விதியை மாற்றி, பழையவற்றை நீக்கிவிட்டார்கள். என் போனிலும் அவை இல்லை. முதல் பதினொன்று எபிசோடுகள் அப்படியே போய்விட்டன. பெரிய இடம் என்றாலும் இதே நிலைதான். கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியையே 2024இல் மூடிவிட்டார்கள். எனவே மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்திருங்கள். ஹோஸ்டிங் தளம் உங்களுக்கு ஆர்எஸ்எஸ் முகவரி ஒன்று தரும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் எல்லாம் அந்த முகவரியிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. நாளைக்குத் தளம் மாறினால் பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிட அனுமதிப்பார்களா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். அனுமதித்தால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் உங்களை விட்டுப் போக மாட்டார்கள்.

கேட்பவர்கள் கூடுவதற்கு நான் விளம்பரம் கொடுத்ததே இல்லை. ஊசி பாக்கெட் போடும் கவர் மேல் ஒரு க்யூஆர் கோடு ஒட்டினேன். பில்லின் பின்பக்கத்திலும் அதே. என்னைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பாட்காஸ்ட் செயலி எதுவும் தெரியாது, அதனால் எம்பி3 கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவர்கள் யூனிட் குரூப்பில் போடுகிறார்கள், அங்கிருந்து பிவண்டிக்கும் சூரத்துக்கும் போகிறது. இப்படிப் போவது எந்தத் தளத்தின் எண்ணிக்கையிலும் ஏறாது. ஏறாவிட்டால் என்ன, போய்ச் சேருகிறதே. ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க நான் நம்புவது பில் புத்தகத்தைத்தான். புதிதாக வருகிறவரிடம் "எப்படித் தெரியும் நம்ம கடை?" என்று கேட்டு, பாட்காஸ்ட் கேட்டு வந்தவர் என்றால் பில் ஓரத்தில் 'பா' என்று எழுதுவேன். மாதக் கடைசியில் 'பா'க்களை எண்ணுவேன். முதல் ஏழு மாதம் மொத்தமே நாலு. அதைப் பார்த்து விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். இரண்டாவது வருடத்திலிருந்து மாதத்துக்குப் பத்துக்குக் குறைந்ததில்லை. விளம்பர வருமானம் என்று ஒரு பைசா வந்ததில்லை, இந்த அளவு கூட்டத்துக்கு வரவும் வராது. பாபின் கேஸும் ஷட்டிலும் விற்ற காசுதான் நிகழ்ச்சியின் வருமானம்.

உங்களுக்குச் சொல்வதானால், இந்த வாரமே ஒரு நோட்டை அடுப்படியில் தொங்கவிடுங்கள். "ஊறுகாய் மேல வெள்ளையா பூத்திருக்கே, தூக்கிப் போடணுமா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதில் உப்பு குறைந்ததா, எண்ணெய் மேலே மிதக்காமல் போனதா, ஈரக் கரண்டி பட்டதா என்று நீங்கள் பத்து நிமிடம் பேசலாம். முகப்புக்கு, எண்ணெய் சரியான சூட்டில் இருக்கும்போது கடுகு வெடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எண்ணெய் காயாதபோது போட்ட கடுகின் சத்தத்தையும் தனியாகப் பதிந்து வையுங்கள், ஏதாவது ஒரு எபிசோடில் தேவைப்படும்.